ஒருவரையும் விடவில்லை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அக்காவுக்கு அந்த முதல் அழைப்பு வந்தது அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பின்னர் என்றுதான் நினைக்கிறேன். என் மகள் ஆர்த்திகா, இல்லை, அதற்கு முன்னரே வரத் தொடங்கிவிட்டது என்கிறாள். அக்கா வீட்டு வெளிப்படிக்கட்டில் நான் உட்கார்ந்திருந்த நாளில் பனி கொட்டியிருந்தது என்று நான் சொன்னால் அதையும் மறுக்கிறாள். காற்சட்டையூடாக ஏறிய குளிர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் பயந்த மனிதனுக்கு ஆவணியிலும் குளிரும்.

அத்தான் அரியரத்தினம் ஐப்பசியில் இறந்தார். காலையில் காரைச் சூடாக்கப் போனவர் ஆசனத்திலேயே சாய்ந்துவிட்டார். மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடும்பத்தில் புத்தகமும் கையுமாகத் திரிகிறவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை.

எங்கள் ஆட்களிடம் அது சும்மா எழுதுகிற விஷயமல்ல. ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் செத்தவீட்டுக்கு வந்து மூலையில் நின்றுவிட்டுப் போகும். பிறகு கோயிலில் கண்டாலும் முகம் பார்க்காது. ஆகவே எல்லாவற்றையும் எழுதினேன். அத்தான் பிறந்த ஊர், பிறந்த தேதி, அவருடைய பெற்றோர், அக்காவின் பெற்றோர், யார் சுவிசில், யார் லண்டனில், யார் இங்கே மொன்றியலில். கிரியை முடிந்து ஆட்கள் வர வேண்டுமென்று அக்காவின் வில்லரே வீட்டு முகவரி. முழுப்பெயர் சொன்னால் ஊரில் பலருக்கு ஆளைத் தெரியாது என்பதால் அடைப்புக்குறிக்குள் வீட்டுப் பெயர்கள். அக்காவின் பெயர் புஷ்பராணி. பக்கத்தில் ‘கிளி’ என்று போட்டேன். கடைசியில் தொடர்புக்கு எல்லாருடைய தொலைபேசி எண்களும். என்னுடையதும் இருந்தது: இரவிச்சந்திரன், மைத்துனர்.

ஓர் இடத்தில் மட்டும் உண்மை எழுதவில்லை. அக்காவின் ஒரே மகன் நிதுசனும் அவன் மனைவி துஷாந்தினியும் பிரிந்து விவாகரத்தும் ஆகிவிட்டது. மொன்றியலில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். அவள் இந்த வீட்டை விட்டுப்போனபோது அக்காவோடும் கோபித்துக்கொண்டுதான் போனாள். ஆனாலும் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னார்.

“அவளின்ரை பேரைப் போடு, தம்பி. ஒற்றை மகன், மருமகள் எங்கை எண்டு ஊரிலை கேக்குங்கள்.”

போட்டேன். ‘துஷாந்தினியின் பாசமிகு மாமனாரும்.’ இப்படி எழுதுவது எங்களிடம் புதிதல்ல. தெரிந்தவர்கள் வாசித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இணையத்தளத்தில் ஏற்றினோம். பொழுதுபடுவதற்குள் அது வாட்ஸப்பில் உலகம் சுற்றி, யார் யாரிடமிருந்தோ எனக்கே திரும்பி வந்தது. இறுதிச் சடங்கில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, ஒருவரையும் விடேல்லை, வடிவாய் எழுதியிருக்கிறீர் என்றார். உள்ளூர எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

எனக்கும் அக்காவுக்கும் தொலைபேசியில் அதிகம் பேச்சு இருப்பதில்லை. வேலை முடிந்து வந்து அழைப்பேன். சாப்பிட்டியோ என்பார். ஓம் என்பேன். பிறகு இருவரும் சும்மா இருப்போம். அவர் பக்கத்தில் குசினியில் ஏதோ கொதிக்கும். என் பக்கத்தில் புத்தகத்தின் தாள் புரளும். அத்தான் இருந்தபோது பின்னாலிருந்து, “ஊமையளின்ரை மாநாடு தொடங்கீட்டுது” என்று சத்தமாகச் சொல்வார். அந்த மௌனத்தில் எனக்கு ஓர் இளைப்பாறல் இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும்.

மார்கழியில் அந்த மௌனம் மாறியது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. சாப்பிட்டியோ என்று கேட்பது நின்றது. பிறகு அழைப்பை எடுப்பதும் நின்றது. அத்தானின் துக்கம் என்று நினைத்துச் சில நாள் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அன்று வேலைக்குப் போகாமல் மெத்ரோ ரயில் எடுத்து வில்லரேக்குப் போனேன். அக்கா வீடு இரண்டாம் மாடி. தெருவிலிருந்து இரும்புப் படிக்கட்டு வளைந்து ஏறும். மணி அடித்தேன். கதவு சங்கிலியோடு ஒரு கைப்பிடி அகலம் திறந்தது. அக்காவின் முகத்தில் பாதி தெரிந்தது. என்னைப் பார்த்து அக்கா பயந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“தம்பி, நீ போ.”

“என்னக்கா, சுகமில்லையோ?”

“முதல் உன்ரை ஃபோனை நிப்பாட்டு.”

நிறுத்திக் காட்டினேன். பிறகு, அத்தானின் சின் நம்பரை நான் யாருக்காவது கொடுத்தேனா என்று கேட்டார். அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற அந்த எண்ணைத்தான் கேட்டார். அத்தானின் எண் எனக்குத் தெரியவே தெரியாது என்றேன். அதை அவர் நம்பவில்லை என்பது பாதி முகத்திலேயே தெரிந்தது.

அந்தக் கதவு இடுக்கினூடாக, துண்டு துண்டாக, நான் அறிந்துகொண்டது இதுதான். ஓய்வூதியப் பகுதியிலிருந்து என்று ஒருவன் எடுத்திருக்கிறான். முதலில் இங்கிலிஷ். பிறகு தமிழ் அதிகாரி என்று இன்னொருவன். எங்களுடைய தமிழ், யாழ்ப்பாணத்துத் தமிழ். கிளியக்கா என்று கூப்பிட்டு, குடும்பத்தில் எல்லாருடைய பெயரையும் வரிசையாக ஒப்புவித்திருக்கிறான். இறந்த அத்தானின் பெயரில் யாரோ கணக்குகள் திறந்திருக்கிறார்கள். செய்வது வெளியாள் இல்லை, குடும்பத்துக்குள் உள்ளவர். விசாரணை முடியும்வரை ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றிருக்கிறான். அந்த ஆள் பாசமாக அழைப்பார், வீடு தேடியும் வருவார், எல்லாம் பொய் என்று சொல்லி உங்களைத் தடுப்பார் என்றும் சொல்லியிருக்கிறான்.

மறுநாளே என் எண்ணிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நான் அழைக்கவில்லை.

“உன்ரை நம்பர்தான் விழுந்தது. எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. நீயெண்டுதான் நானும் பேசாமல் இருந்தன். கனநேரம் இருந்தன். பேந்து அந்தப் பக்கம் ஆரோ சிரிச்சது கேட்டுது.”

அக்கா தன் சின் நம்பரைச் சொல்லியிருந்தார். பிறந்த தேதியைச் சொல்லியிருந்தார். வங்கியிலிருந்து தொலைபேசிக்கு வந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியிருந்தார். இன்று மத்தியானம் ஓர் ஆள் வருவார், பாதுகாப்புக்காகப் பத்திரங்கள் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். அக்காவின் தோளுக்கு அப்பால், குசினி மேசையில் ஒரு தடித்த உறை தெரிந்தது. கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்றிதழ், வங்கி அட்டைகள், வீட்டு உறுதிப்பத்திரம் எல்லாம் அதற்குள். அதை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறவன் தெருவுக்குப் போகும்போது புஷ்பராணியாகவே ஆகிவிடுவான். வீடும் அவனோடு போகும்.

அது கள்ளக்கூட்டம் என்று சொன்னேன். அக்கா தலையை மெல்ல ஆட்டினார். நான் அப்படிச் சொல்வேன் என்று அவன் சொல்லியிருந்தான்.

“பொலிசுக்கு அடிக்கட்டே?”

“பொலிசும் அந்த அதிகாரியளோடைதானாம்.”

கதவு சாத்தப்பட்டது.

படியில் உட்கார்ந்தேன். தொலைபேசியை மறுபடி போட்டு நிதுசனுக்கு அழைத்தேன்; எடுக்கவில்லை. விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றுகிறவன், வேலை நேரத்தில் தொலைபேசி அலுமாரியில் இருக்கும். கதவை உடைக்க முடியாது. கத்தினாலோ பொலிசைக் கூப்பிட்டாலோ அவன் சொன்னது உண்மையாகிவிடும். நான் சொல்லக்கூடிய ஒவ்வொரு சொல்லையும் அவன் எனக்கு முன்னரே அக்காவிடம் சொல்லி வைத்திருந்தான். பயம் என்றால் அதுவரை வெளியிலிருந்து வருவது என்று நினைத்திருந்தேன். அன்று என் அக்காவுக்குப் பயம் நான்தான்.

அவனுக்கு எப்படி இவ்வளவும் தெரியும்? சொந்தத்தில் யார் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முகமும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியதாகவே தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. பிறகு அக்கா இடுக்கினூடாகச் சொன்னதை மனதுக்குள் திரும்பவும் கேட்டேன். அத்தானின் ஊர், அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், பிறகு சுவிசில் சின்னண்ணை அருமைராசா, பிறகு லண்டன். அவன் ஒப்புவித்த ஒழுங்கு எனக்குப் பழக்கமாக இருந்தது. அது என் வாக்கியம். நான் எழுதி, இரண்டு தரம் திருத்தி, காற்புள்ளி பார்த்து இட்ட வாக்கியம்.

தொலைபேசியைத் திறந்து அறிவித்தலை வாசித்தேன். பாதியில் ஒரு பெயரில் கண் நின்றது. எழுந்து கதவில் மெல்லத் தட்டினேன்.

“அக்கா, ஒண்டே ஒண்டு கேக்கிறன். துஷாந்தினியைப் பற்றி அவன் ஏதும் சொன்னவனோ?”

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது தெரிந்தது. நானும் காத்திருந்தேன். எங்களுக்குப் பழக்கமான மௌனத்தின் நீளம்தான். ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு நொடியும் தெருவில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

“மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லாதேங்கோ எண்டவன்,” என்றார் அக்கா. “மருமகள் உங்களிலை நல்ல பாசம், பாவம், தாங்கமாட்டா எண்டு...”

நிறுத்திக்கொண்டார்.

“அவன் நிசமான அதிகாரி எண்டாலும், நான் சொல்லிக்குடுத்து அவன் கதைக்கிறான் எண்டாலும், அவள் போனது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே, அக்கா? எங்கடை ஆக்கள் ஆருக்கு அது தெரியாது? அவள் இன்னும் உங்கடை மருமகளாய் இருக்கிற இடம் அந்த அறிவித்தல் மட்டும்தான்.”

சங்கிலி கழன்றது.

உள்ளே போய்ப் பூட்டினோம். அக்கா என் கையைப் பிடிக்கவில்லை; உறையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். நான் என் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு யன்னல் திரையைச் சரி செய்யப் போனேன். அப்போதுதான் இரும்புப் படியில் சத்தம் கேட்டது. அவசரமில்லாத காலடி. மேலே வந்து, கதவடியில் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டான். எங்கள் வீடுகளுக்கு வருகிற மரியாதையான ஆட்கள் துடைப்பது போல.

மணி அடித்தது. நாங்கள் அசையவில்லை.

அக்காவின் தொலைபேசி ஒலித்தது. திரையில் என் பெயர். என் தொலைபேசி மேசையில் கறுப்பாகக் கிடந்தது. அக்கா அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒலித்து ஓய்ந்தது. மீண்டும் ஒலித்தது.

“கிளியக்கா,” என்றான் வெளியே. மெதுவான, இதமான குரல். “உள்ளுக்கைதானே நிக்கிறியள்? நான் வந்திட்டன்.”

அந்தக் கதவு என்ன தடிப்பு என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. பொலிசுக்கு எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் பெண்குரல் பிரெஞ்சில் கேட்டது. வாயைத் திறந்தால் அவனுக்குக் கேட்கும் என்று நான் பேசாமலே நின்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே அவனும் பேசாமல் நின்றான். பிறகு காலடி இறங்கியது. திரையை விலக்கிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. துணிவு வந்தபோது அவன் மூலை திரும்பிக்கொண்டிருந்தான். ஒரு நீலக் குளிரங்கியின் முதுகு மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு பொலிஸ் வந்தது, நிதுசனும் வந்தான். யாருடைய எண்ணையும் திரையில் விழச் செய்து இவர்களால் அழைக்க முடியும் என்று பொலிஸ்தான் சொன்னது. அக்காவின் பெயரில் யாரோ ஒரு கடன் எடுத்திருந்தார்கள். அதை ரத்துச் செய்விக்க அடுத்த கோடை ஆகிவிட்டது. அத்தானின் பெயரில் நிஜமாகவே இரண்டு கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன. அந்த ஒன்று மட்டும் அவன் சொன்னதில் உண்மை.

அறிவித்தலை எடுக்கச் சொன்னேன். இணையத்தளத்தில் எடுத்துவிட்டார்கள். வாட்ஸப்பில் போனவை போனவைதான். கோயிலில், மரக்கறிக் கடையில், யாராவது இதமான குரலில் பேசினால் நான் இன்னும் நின்று கேட்கிறேன். அவன் எங்கள் ஆள். எங்கோ ஒரு வீட்டில் அவனுக்கும் ஒரு வீட்டுப் பெயர் இருக்கும்.

அக்கா இப்போது நிதுசனோடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருக்கிறார். எண்ணை மாற்றிவிட்டார். வில்லரே வீடு அவர் பெயரிலேயே இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறோம். துஷாந்தினி டொரொண்டோவில் மறுமணம் செய்துகொண்டாள். நீல அங்கிக்காரன் பிடிபடவில்லை. நான் வேலை முடிந்து வந்து அக்காவுக்கு அழைக்கிறேன். எடுத்தவுடன், உன் குரல் கேட்கட்டும், ஏதாவது கதை என்கிறார். நான் கதைக்கிறேன்.