பத்திரப் பெட்டியின் அடிப்பலகை

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வடக்கே இருக்கும் வெங்கடரமணனின் வீடு சித்திரையில் இரண்டடி ஒடுங்கும். கார்த்திகையில் பழைய அகலத்துக்கு வந்துவிடும். சுவரில் விரிசல் விழுவதில்லை, டைல்ஸ் பெயர்வதில்லை. அளக்க வந்த மாநகராட்சி ஊழியர் இரண்டு அளவுகளையும் எழுதிக்கொண்டு போனார்.

காரணம் ஒன்றரைச் சாண் நீளமுள்ள ஒரு மரப்பெட்டி. அதைச் செய்தவள் வீட்டை ஒட்டிய சந்தின் கடைசியில் குடியிருந்து தச்சுவேலை செய்யும் ஹம்சவேணி. ஜவுளிக்கடைக்காரரான வெங்கடரமணன் வீட்டை இடித்துக் கட்டியபோது, நாலரை அடிச் சந்தில் இரண்டடியைத் தன் சுவருக்குள் சேர்த்துக்கொண்டார். சந்துக்காரர்கள் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஆவணியில் ஹம்சவேணியின் அம்மா ராதாமணி இறந்தபோது பாடை சந்துக்குள் நுழையவில்லை. லோடு ஆட்டோ ஓட்டும் மருது உடலைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்துச் சேலையால் கட்டினார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத் தூக்கிப்போனார்கள். ராதாமணியின் தலை வழியெல்லாம் சுவரில் இடித்தது.

மாடியிலிருந்து வெங்கடரமணன் எட்டிப் பார்த்தார். "சாச்சுப் புடிங்கப்பா, புதுப் பெயிண்ட் ஒரசுது."

இரண்டு குடும்பங்களும் சௌராஷ்டிரர்கள்; அதுவரை வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில்தான் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஹம்சவேணி அவரிடம் தமிழில் மட்டுமே பேசினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு அவளிடம் வந்து, வீட்டுப் பத்திரம் வைக்கக் கெட்டியாக ஒரு பெட்டி வேண்டும் என்றார்.

"கெட்டியாவே செய்றேண்ணே. அடிப்பலகை ஆயுசுக்கும் அசையாது."

பெட்டிக்கு அடிப்பலகை பொருத்த ஒரு முறை இருக்கிறது. அறுத்த பிறகும் மரம் மழையில் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். அதுவும் நார் ஓடும் நீளவாக்கில் அல்ல, குறுக்குவாக்கில். ஆகவே பக்கப் பலகைகளின் உட்புறத்தில் காடி என்னும் மெல்லிய பள்ளம் எடுத்து, அடிப்பலகையின் ஓரங்களைப் பசையில்லாமல் அதில் நுழைத்து, நகக்கனம் இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளிக்குள் பலகை பெருத்தும் இளைத்தும் கொள்ளும். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஹம்சவேணி இருபது வருடமாக அப்படித்தான் செய்தாள். இந்த முறை பூவரசம்பலகையை எட்டு நாள் தெப்பக்குளத்துத் தண்ணீரில் ஊறவைத்தாள். முழுக்க உப்பியதும், ஈரத்திலும் பிடிக்கும் பசையைக் காடி நிறைய ஊற்றி, இடைவெளியே இல்லாமல் இறுக்கினாள். சாதாரணப் பலகை என்றால் கோடையில் நடுவில் பிளந்திருக்கும். அவள் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தது பிளக்காத பலகை. பிளக்காத பலகை சுருங்கும்போது, தன்னை ஒட்டியதையெல்லாம் கூடவே இழுக்கும்.

"நாரு தெக்கு வடக்கா இருக்கணும்ணே. மாத்தி வச்சிராதீக," என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் அப்படியே பூஜையறையில் வைத்து, பத்திரத்தை உள்ளே போட்டுப் பூட்டினார்.

மாசியில் பீரோக் கதவு திறக்கவில்லை. பங்குனியில் கட்டில் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மேற்குச் சுவர் பக்கத்து வீட்டோடு சேர்ந்தது என்பதால், சந்தை ஒட்டிய கிழக்குச் சுவர்தான் நாளுக்குக் கால் அங்குலமாக உள்ளே போனது. பூஜையறை வாசலில் ஆள் நுழைய முடியவில்லை. பெட்டி உள்ளேயே இருந்துவிட்டது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூருக்கு வந்த அன்று, ஒடுங்கிப்போன வீட்டு நடையில் பக்கவாட்டாக நடந்துவந்த வெங்கடரமணன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் நடையில் திரும்பவில்லை. மருது வந்து பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பழைய சேலையும் கேட்டார்.

சந்து நாலரை அடி அகலமாகக் கிடந்தது. ஹம்சவேணி அதன் நடுவில் நின்றிருந்தாள்.

"மருதண்ணே, சாச்சுப் புடிங்க. பெயிண்ட் ஒரசிறப் போகுது."

நாற்காலியில் கட்டப்பட்டிருந்த வெங்கடரமணன், என்ன செய்தாய் என்று வீட்டு மொழியில் கேட்டார்.

"நீங்க கேட்ட மாதிரிதான்ணே. கெட்டியா வச்சேன்," என்றாள் தமிழில்.

மெல்லிய ரம்பத்தால் பசையை அறுத்துவிட அரைமணி நேரம் போதும். வீடு விரிந்து பூஜையறை திறக்கும் ஒவ்வொரு கார்த்திகையிலும் வெங்கடரமணன் ஊன்றுகோலுடன் வந்து, அறுத்துவிடச் சொல்லிக் கேட்கிறார். பெட்டியை உடைத்தாலோ நகர்த்தினாலோ வீடும் கூடவே போய்விடும் என்று அவருக்குப் பயம். பசையை அறுக்கப் போன மற்றத் தச்சர்கள், சந்தில் பாடை நுழையாத கதை தெரிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். தெருவுக்கு எல்லாம் பழகிவிட்டது. அவர் வீட்டுக் கட்டிலை மாசி பிறந்ததும் வாசலுக்கு எடுத்துவிடுகிறார்கள். அகன்ற சந்தில் பெண்கள் வடகம் காயப்போடுகிறார்கள். யாராவது நோயில் விழுந்தால், சித்திரை வரைக்கும் தாங்குமா என்று விசாரிக்கிறார்கள். அப்போதுதான் பாடையில் படுத்தபடி போகலாம். ஹம்சவேணியும் தனக்குச் சித்திரை என்றுதான் முடிவு செய்திருக்கிறாள். அதுவரை ரம்பத்தை எடுப்பதாக இல்லை.