இல்லாத கிளட்ச்

வெங்காய விலை இறங்கிய அதே செவ்வாய்க்கிழமையன்று, பிரேக்கம்மாவின் மின்சாரக் கார் மோட்டார் செத்த பிறகும் ஓடத் தொடங்கியது. வெங்காயம் மறுவாரமே பழைய விலைக்கு ஏறிவிட்டது. கார் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரேக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கையும் கிளட்சையும் மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அந்த நகரத்தில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிற யாரைப் பிடித்துக் கேட்டாலும், அவரிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கியவராகத்தான் இருப்பார். மிதித்து மிதித்துக் கால் அப்படியே பழகிவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, ஆபத்தாக எதையாவது கண்டால் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். மிதித்தால் எதிரே இருக்கும் பொருள் நிற்கவும் செய்தது. பொங்கி வரும் பால் பாத்திரத்தின் விளிம்போடு நின்று, யாராவது வந்து அடுப்பை அணைக்கும்வரை காத்திருக்கும். மேசையில் உருளும் டம்ளர் ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிடும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அவருடைய கணவர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தான் வாயைத் திறந்தாலும் அந்தக் கால் மிதித்துவிடுகிறது, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது என்பது ஒன்றுதான் அவருடைய மனக்குறை.

மின்சாரக் கார் சந்தைக்கு வந்தபோது அதில் முதலில் மயங்கியவர் பிரேக்கம்மாதான். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை. "இந்த கிளட்ச்சோட மாரடிச்சே எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. இதைப் பச்சைக் குழந்தைகூட ஓட்டும், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க," என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். வண்டி விஷயத்தில் அவர் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. மருந்துக்கடைக்காரர் வாங்கினார், பல் டாக்டர் வாங்கினார், பள்ளித் தலைமையாசிரியை வாங்கினார், கல்யாணங்களுக்குப் படமெடுக்கிற போட்டோகிராபர் வாங்கினார். இப்படி அவரிடம் படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் அதே கார், அதே சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. பிரேக்கம்மா வாங்கியதை அவருடைய ஒரே மகள் ஓட்டினாள். பெரிய பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. காலையில் அவள் போவதை மாடியிலிருந்து பார்ப்பதில் பிரேக்கம்மாவுக்குத் தனிப் பெருமை. நான் செதுக்கிய ஓட்டம் என்று கணவரிடம் பீற்றிக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்காக அவரும் மகளோடு கிளம்பினார். பாலத்தின் ஏற்றத்தில், நடு வரிசையில் போய்க்கொண்டிருக்கும்போது மோட்டார் போய்விட்டது. சத்தம் போடவில்லை, நாற்றமடிக்கவில்லை, போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரையில் ஓர் ஆமைப் படம் வந்தது. அதன் கீழே, 'பாதுகாப்பாக ஓரமாக நிறுத்தவும்' என்று அன்பாக எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் பறந்துகொண்டிருக்க, ஓரம் எங்கோ அடுத்த ஊரில் இருந்தது. கண்ணாடியில் ஒரு சிமெண்ட் லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. "அம்மா, போக மாட்டேங்குதும்மா," என்றாள் மகள். அந்தக் குரலை அவள் ஐந்து வயதில் குளத்தில் வழுக்கி விழுந்தபோது கேட்டதோடு சரி. பிரேக்கை மிதித்தால் லாரி மேலேயே ஏறிவிடும் என்பது வலது காலுக்குத் தெரிந்திருந்தது. அதனால் இடது கால் மிதித்தது. பயந்தவுடன் கிளட்சை மிதிப்பது கற்றுக்குட்டிகள் செய்கிற தவறு. அதற்காக அவர் எத்தனையோ பேரை அழ விட்டிருக்கிறார். அதே தவறை அவரே செய்தார், அதுவும் கிளட்சே இல்லாத காரில். காலடியில் இருந்த ரப்பர் விரிப்பு ஒரு விரற்கடை உள்ளே போனது. பிறகு கால் தன்பாட்டுக்கு மெதுவாக மேலே வந்தது, பாதி வழியில் கார் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவர் தூக்கத்திலும் அறிவார். "ஸ்டீயரிங்கைப் பிடிடீ," என்றார். கார் ஏற்றத்தைக் கடந்து, ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது. ஆமை கடைசிவரை திரையிலேயே இருந்தது.

மகள் இறங்கி, சாவியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, இனிமேல் எந்தக் காரையும் தொடமாட்டேன் என்றாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். பஸ்ஸிலும் பாலம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். இதைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னபோது பிரேக்கம்மா தலையில் அடித்துக்கொண்டார். வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே. காரை எடுத்துக்கொண்டு நேரே கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சண்டை பிடித்தார். சர்வீஸ் மேனேஜர் நல்ல மனிதர், இஸ்திரி கலையாதவர். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கோளாறும் காட்டலையே மேடம். நீங்களே ஓட்டிக்கிட்டுத்தானே வந்தீங்க?" என்றார். அது இல்லாத கிளட்சில் வந்த வண்டி என்று பிரேக்கம்மா விளக்கினார். அதற்கு அவர் ஒரு விதியை எடுத்து நீட்டினார். கோளாறு என்று எழுத வேண்டுமானால், கம்பெனி ஆள் கண்ணெதிரே வண்டி நிற்க வேண்டும்.

பிரேக்கம்மா வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். கணவர் சங்கிலியால் பாரம் தூக்கும் தன் செயின் பிளாக்கைக் கொண்டுவந்து, காரின் முன்பக்கத்தைத் திறந்து, மோட்டாரைத் தூக்கி வெளியே வைத்தார். துறைமுகத்தில் கப்பலையே காலி செய்தவருக்கு அது ஒரு வேலையே அல்ல. மோட்டார் உள்ளே கருகி, தட்டினால் ஓட்டாஞ்சல்லி போலச் சத்தம் கொடுத்தது. மோட்டார் இல்லாத காரில் பிரேக்கம்மா கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கி வந்தார். முன்னைக்கு இப்போது இழுவை கொஞ்சம் நன்றாகவே இருந்ததாகச் சொன்னார்.

அந்த ஆண்டு முழுக்க மற்றவர்களுடைய கார்களும் ஒவ்வொன்றாக நின்றன. தலைமையாசிரியையின் கார் ரயில்வே கேட்டுக்குள்ளேயே நின்றது. அவர் இறங்கி ஓடித் தப்பியதும், ரயில்காரர் கடைசி நேரத்தில் பிரேக் போட்டு நிறுத்தியதும் செய்தித்தாளில் வந்தன. பல் டாக்டருடையது சுரங்கப்பாதையில் நின்றது, மருந்துக்கடைக்காரருடையது ரவுண்டானாவில். எல்லோருக்கும் அதே ஆமை, சர்வீஸ் சென்டரில் அதே பதில். எல்லோரும் பிரேக்கம்மாவிடம்தான் ஓடிவந்தார்கள். அவரும் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து இல்லாத கிளட்சைச் சொல்லிக்கொடுத்தார். போட்டோகிராபர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரருக்கு மாதக்கணக்கில் ஆனது. தனக்கு இடது கால் என்று ஒன்று இருப்பதையே அவர் செருப்பு வாங்கும்போதுதான் நினைப்பவர். ஒவ்வொரு கார் ஓடத் தொடங்கியதும் கிரேன்காரக் கணவர் செயின் பிளாக்கோடு வந்து மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். மகள் மட்டும் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டாள். அம்மா கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

அதுதான் ஓடுகிறதே, பேசாமல் விட்டுவிடலாமே என்று மருந்துக்கடைக்காரர் ஒருநாள் சொன்னார். பிரேக்கம்மாவுக்குச் சுள்ளென்று வந்தது. "உங்க கால் பழகிடுச்சு, உங்களுக்கு ஓடுது. என்கிட்ட கத்துக்காதவங்க எத்தனை பேர் இதே காரை வாங்கியிருக்காங்க? குழந்தைங்கள பின்னாடி உக்கார வச்சிக்கிட்டுப் பாலத்துல போறவங்க என்ன பண்ணுவாங்க? என் பொண்ணு என்ன பண்ணுவா?" என்று கேட்டார். யாராவது ஒருவர் சாவதற்கு முன்னால், மோட்டாரில் கோளாறு இருக்கிறது என்று கம்பெனியை அதன் வாயாலேயே சொல்ல வைப்பேன் என்று பிரேக்கம்மா ஒற்றைக் காலில் நின்றார்.

ஒரு சனிக்கிழமை காலை, சாம்பல் நிறக் கார்கள் வரிசையாகக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பின. ஒவ்வொரு காரிலும் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் அதன் செத்த மோட்டாரை வைத்து, சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி, எட்டிப் பார்த்து, பெல்ட் சரியாகப் போட்டிருப்பதைக் கண்டு போகச் சொன்னார். முதல் காரை பிரேக்கம்மா ஓட்டினார். மகள் அம்மாவின் பிடுங்கல் தாங்காமல், மோட்டார் உருளாமல் பிடித்துக்கொள்ள மட்டும் என்று சொல்லிப் பின் இருக்கையில் ஏறியிருந்தாள். பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் மோட்டார்களை இறக்கி வரிசையாக அடுக்கினார்கள். விவரம் கேள்விப்பட்டு அங்கே வந்திருந்த சர்வீஸ் மேனேஜர், திறந்து கிடந்த கார்களின் காலி வயிறுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். முதல்முறையாக அவருடைய சட்டை கசங்கியது. "இதெல்லாம் எப்படி மேடம் ஓடுது?" என்றார். "அது எங்க பிரச்சினை. இது ஏன் நின்னுச்சுங்கறதுதான் உங்க பிரச்சினை," என்றார் பிரேக்கம்மா. மேனேஜர் தலைமைப் பொறியாளருக்குப் போன் போட்டார். வந்து நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவரும் வீட்டிலிருந்து கிளம்பினார். அதே சாம்பல் நிறக் காரில்தான் வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தான் விற்றதைத் தானும் நம்பியவர்.

அலுவலகத்துக்குள் நுழைய வேண்டுமானால் எதிர்த் தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். அவர் திரும்பினார், பாதி கடந்தார், கார் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. அவர் முகத்தில் திரையின் வெளிச்சம் விழுந்தது. ஆமையைப் பார்க்கிறார் என்று வாசலில் நின்ற எல்லோருக்கும் புரிந்தது. மேட்டிலிருந்து ஒரு தண்ணீர் லாரி முழுச் சுமையோடு ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கி வந்தது. பொறியாளருக்குக் கதவைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. நடைபாதையில் நின்ற பிரேக்கம்மாவின் வலது கால் சிமெண்டுக் கல்லை மிதித்தது. லாரியின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது, லாரி மட்டும் பால் விளிம்போடு நிற்பதுபோல அந்த இடத்திலேயே நின்றது. ஆனால் பாலுக்கும் லாரிக்கும் கனம் ஒன்றா? பிரேக்கம்மாவின் முட்டி வெடவெடவென்று ஆடியது. கல் விரிசல் விட்டது. "என்னால ரொம்ப நேரம் பிடிக்க முடியாதுடீ," என்றார்.

கற்றவர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, ஓடியவள் கற்றுக்கொள்ளாத மகள். லாரியின் மூக்கைத் தொட்டுக்கொண்டு போய், பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவள் இந்த முறை கண்ணை மூடவில்லை. இடது காலை விரிப்பில் பதித்து முழுக்க மிதித்தாள். "ஸ்டீயரிங்கைப் பிடிங்க சார்," என்றாள். பிறகு, சின்ன வயதிலிருந்து பின் இருக்கையில் உட்கார்ந்து காது புளிக்கக் கேட்ட அம்மாவின் வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே காலை மெல்ல எடுத்தாள். பாதி விடு. நடுங்கும். பயப்படாதே, அங்கேயே பிடி. இப்போது விடு. கார் நடுங்கியது, நகர்ந்தது, வாசலைத் தாண்டி உள்ளே போய் நின்றது. பிரேக்கம்மா காலை எடுத்தார். லாரி அடித்த காற்றில் மேனேஜரின் கழுத்துப்பட்டை தோளுக்கு மேல் பறந்தது. தூக்கம் கொஞ்சம் கண்ணைச் சொக்கியதாக லாரி ஓட்டுநர் பிறகு டீக்கடையில் சொன்னாராம்.

பொறியாளர் இறங்கினார். உயிர் போய்த் திரும்பிய முகம். வரிசையாகக் கிடந்த மோட்டார்களைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார், பின்பு எல்லோரும் கேட்க, "மோட்டார்ல கோளாறு இருக்குங்க. எல்லாக் காரையும் திருப்பி வரவழைச்சு மோட்டாரை மாத்தித் தர்றோம்," என்றார். கம்பெனி ஆள் கண்ணெதிரே நிற்க வேண்டும் என்ற விதியும் நிறைவேறிவிட்டதால் மேனேஜருக்கும் மறுப்பில்லை. வாசலில் எழுந்த கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்துபோயின. மருந்துக்கடைக்காரர் பல் டாக்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். பிரேக்கம்மா நொண்டிக்கொண்டே போய் மகளின் கன்னத்தைப் பிடித்து, "ரெண்டாவது பாதிய கொஞ்சம் வேகமா விட்டுட்ட," என்று திட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதார். சந்தோஷத்தில் அவர் அழுததை அந்த நகரம் அன்றுதான் பார்த்தது. திரும்பும்போது மகள் ஓட்டினாள். பாலத்தில் மெதுவாகத்தான் போனாள், ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டு போனாள்.

அடுத்த ஆண்டு முடிவதற்குள், பிரேக்கம்மாவை யாரென்றே தெரியாத ஊர்களிலும் அந்தக் காருக்குப் புது மோட்டார் போட்டாகிவிட்டது. அதன் பிறகு எதுவும் நடுவழியில் நிற்கவில்லை. பிரேக்கம்மாவின் காருக்கும் மாட்ட வந்தார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார். மோட்டார் இருந்த குழியில் கிரேன்காரர் இப்போது செயின் பிளாக்கையும் குடையையும் வைத்துக்கொள்கிறார். செத்த மோட்டார், ஸ்கூல் வாசல் கேட் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. ஆஸ்பத்திரி விடுமுறை நாட்களில் மகளும் அங்கே வகுப்பு எடுக்கிறாள். மோட்டாரோடு ஓட்ட ஒரு மாதம், மோட்டார் இல்லாமல் ஓட்ட ஒன்றரை மாதம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்ந்துகொள்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கிரேன்காரர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். நினைவு வந்து ஓடியபோது பால் விளிம்பில் நுரைத்து நின்றிருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தார். எட்டிப் பார்த்தால், கூடத்தில் மகள் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அது தொண்டையிலேயே நின்றுபோனது. சரிதான் என்று அடுப்பை அணைத்துவிட்டு, மூன்று பேருக்கும் காபி கலக்கினார்.