ஆகஸ்டாவின் மேல்மாடி

"தாரை வார்க்கிறதுக்கு நானும் இவவும் இருக்கிறம். நீர் அதைப் பற்றி யோசியாதையும்" என்று சொல்லிவிட்டுக் கணேசலிங்கம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தன்னுடைய காரை ஒருநாளைக்கு இரவல் தருவதாகச் சொல்கிற குரல் அது.

ஆஸ்திரேலியாவில், செவன் ஹில்ஸ் வீட்டுக் குசினியில் சிவாஜினி உழுந்து மா ஒட்டிய கையோடு நின்றாள். கலியாணம் அவளுடைய ஒரே மகள் வினுஷாவுக்கு. கணேசலிங்கம் அவளுடைய கணவனின் தமையன். பக்கத்துக் கதிரையில் அவர் மனைவி செல்வராணி. சிவாஜினியின் கணவன் ஆனந்தராஜா மாரடைப்பில் போய் ஆறு வருடமாகிறது. அதன் பிறகு பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும், கார் ஓட்டப் பழக்கியதும், பரீட்சைப் பயத்தில் அவள் வாந்தி எடுத்தபோது தலையைத் தாங்கியதும் இந்தக் கைதான். இப்போது இதே கை ஒரு செம்புத் தண்ணீர் வார்க்கக் கூடாதாம்.

"தாய் நான் இருக்கிறன்தானே, அத்தான்" என்றாள்.

அவள் இல்லையென்று யாரும் சொல்லவில்லை என்று செல்வராணி இடையில் புகுந்தாள். ஆனால் மணவறைக்குச் சோடியாகத்தான் ஏறவேண்டும். மாப்பிள்ளை சுபாங்கன் வீட்டார் சாத்திரம் பார்க்கிற ஆட்கள். தாலி கட்டி முடியும்வரை சிவாஜினி பின்பக்கம் மணப்பெண் அறையில் இருந்துவிட்டால் ஒருவருக்கும் மனச்சங்கடம் இல்லை. சேலையும் கொஞ்சம் வெளிறின நிறமாக இருந்தால் நல்லது. கலியாணப் பதிவுக்குச் சாட்சியாகக் கையெழுத்து வைக்கிற வேலையை அவளுக்கே தருவதாகக் கணேசலிங்கம் ஒரு பெரிய சலுகையைப் போலச் சொன்னார்.

ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்கு அவள் கை போதுமாக இருந்தது. சொந்தக்காரருக்குத்தான் அது ஆகாத கை.

சிவாஜினி குசினி வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். வினுஷா தலையை நிமிர்த்தவில்லை.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ். சுபாங்கன்ர அம்மா ரென்ஷன் ஆகிடுவா. ப்ளீஸ், இதைப் பெரிசாக்க வேண்டாம்."

அத்தானும் செல்வராணி அக்காவும் சொன்னது தோலில் பட்டது. மகள் சொன்னது உள்ளே போய் இறங்கியது. சிவாஜினி திரும்பி, ஏற்கெனவே அரைபட்டிருந்த உழுந்தை மறுபடியும் அரைக்கத் தொடங்கினாள்.

யாழ்ப்பாணத்தில் அவள் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே, பரமற்றாவுக்கு அப்பால் மணற்கல்லால் கட்டிய ஒரு பழைய மாளிகையைக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கு வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது அவளுடைய வேலை. ஜோர்ஜ் மன்னர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் பிரபு ஒருவரின் மகளான லேடி ஆகஸ்டா வாழ்ந்து செத்த வீடு அது.

கலியாணத்துக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கிய சொந்தக்காரரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கணேசலிங்கம் அங்கே கூட்டிவந்தார். எங்கட சிவாஜினிதான் இங்கே எல்லாம் விளங்கப்படுத்துகிறவள் என்று வாசலிலேயே பெருமையாக அறிமுகம் செய்தார். ஆகாத கைக்காரிக்கு ஊர் பார்க்க வந்தவர்கள் முன்னால் மட்டும் ஒரு மதிப்பு இருந்தது.

சிவாஜினி தமிழிலேயே சொன்னாள். ஆகஸ்டா பட்டாள அதிகாரியான கணவனோடு கப்பலேறி இந்தக் குடியேற்றத்துக்கு வந்தவள். பெற்ற ஒன்பதில் நாலைப் பின்பக்கச் சரிவில் புதைத்தாள். தகப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் கரண்டிகூடச் சட்டப்படி கணவனுடையது. பிள்ளைகளும் அவனுடையவை. அவன் காய்ச்சலில் சாகும்போது, பிள்ளைகளுக்குப் பொறுப்பாளி தன் தமையன் என்று உயிலில் எழுதிவைத்துவிட்டுச் செத்தான். பெற்றவள் கல்லுப்போல உயிரோடு இருந்தாள். மைத்துனன் ஆண்பிள்ளைகளைப் படிக்கவென்று கப்பலேற்றி அனுப்பினான். பதினேழு வயதான மூத்த பெட்டையைத் தன்னுடைய சிநேகிதன் ஒருவனுக்குப் பேசி முடித்தான். ஒரு வார்த்தை தாயிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

பிறகு அவர்களை மேல்மாடிக்குக் கூட்டிப்போனாள். ஒடுக்கமான அறை, ஒரு யன்னல், ஒரு கதிரை.

கலியாணம் கீழே கூடத்தில் நடந்தது என்றாள். ஆகஸ்டா விதவை, கறுப்பு உடுப்பு. கலியாண வீட்டில் கறுப்பு நின்றால் மணமக்களுக்குக் கூடாது என்று அவளை இந்த அறையில் இருத்தினார்கள். கீழே நடப்பது இங்கே காதில் விழும். கண்ணுக்குத் தெரியாது.

ரொறன்ரோப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். கணேசலிங்கம் தலையை ஆட்டினார்.

"பெத்த தாயை மேல இருத்திப்போட்டுக் கீழ கலியாணமோ? என்ன மனிசர் உவங்கள். எங்கட ஆக்கள் தாயைத் தெய்வமெண்டெல்லோ கும்பிடுறம்."

இந்தக் கதையை எத்தனையோ பேருக்கு நிதானமாகச் சொன்னவள்தான் சிவாஜினி. இன்று அவளுக்குக் காது சுட்டது.

"ஓம் அத்தான்" என்றாள். "வினுஷான்ர கலியாணத்தில என்னை எங்க இருத்தப்போறியள்?"

ரொறன்ரோக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கணேசலிங்கம் சிரிக்கப் பார்த்தார். வாய் பாதியில் நின்றுவிட்டது. "அது வேற, இது வேற. இது எங்கட முறை" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார்.

பின்னேரம் செல்வராணி தொலைபேசியில் வந்தாள். நாலு பேர் முன்னால் மனிசனைத் தலைகுனிய வைத்துவிட்டாய் என்று தொடங்கியவள், நாளைக்கு அந்தச் சோடிக்கு ஒன்றென்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டு முடித்தாள். சிவாஜினி தொலைபேசியை வைத்தாள். இத்தனை காலமும் ஆனந்தராஜாவின் சாவைத் தன்னுடைய துக்கம் என்றுதான் நினைத்திருந்தாள். இவர்கள் அதை அவளுடைய குற்றமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

கலியாணத்தன்று அவள் மணப்பெண் அறைக்குப் போகவில்லை. அரக்கு நிறக் காஞ்சிபுரம் உடுத்து, நெற்றியில் பொட்டு வைத்து, மண்டபத்தின் முதல் வரிசையில் வந்து இருந்தாள். மூன்றாம் வரிசையில் குசுகுசுப்பு எழும்பியது. பெண்ணைப் பெற்றவர்கள் வாருங்கள் என்று ஐயர் கூப்பிட்டார். கணேசலிங்கம் வேட்டியைச் சரிசெய்து மணவறையில் ஏற, பின்னால் ஏறிய செல்வராணி செம்பைக் கையில் எடுத்தாள். அதற்குள் சிவாஜினியும் ஏறி அவர்கள் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அதைத் தாங்கோ. அத்தான் பிள்ளையின்ர கையைப் பிடிக்கட்டும். தண்ணி நான் வார்க்கிறன்."

கேட்டு முடிக்கும்போதே செம்பு அவள் கைக்கு மாறியிருந்தது.

"சனம் பாக்குது" என்று கணேசலிங்கம் பல்லுக்குள்ளால் சொன்னார்.

"பாக்கட்டும்."

அவர் கீழே இறங்க, செல்வராணியும் பின்னால் போனாள். விதவைக்குப் பக்கத்தில் சோடியாக நிற்க அவரால் முடியாது. மாப்பிள்ளையின் தாய் கதிரையிலிருந்து பாதி எழும்பினாள். ஐயர் அங்கும் இங்கும் பார்த்து, சோடியில்லாமல் எப்படி என்று இழுத்தார்.

வினுஷா தாயைப் பார்த்தாள். அந்த அரக்குச் சேலையை, பொட்டை, கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். குழந்தையாய் இருந்தபோது அழத்தொடங்குமுன் கோணுமே, அப்படி அவள் முகம் கோணியது.

"ஐயர், என்ர அம்மா நிக்கிறா" என்றாள். "நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ."

சுபாங்கன் தன் தாயின் பக்கம் திரும்பவில்லை. கையை விரித்து நீட்டினான். சிவாஜினி இடக்கையால் மகளின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். வலக்கையால் வார்த்தாள். வார்த்த வேகத்தில் பாதித் தண்ணீர் மாப்பிள்ளையின் வேட்டியில் போனது. ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் வேகமாகவே சொல்லி முடித்தார். மேளம் கொட்டியது, தாலி ஏறியது.

கணேசலிங்கம் வீட்டுக்குப் போய்விடவில்லை. சாப்பிடாமல் போனால் ரொறன்ரோக்காரர் ஏனென்று கேட்பார்கள். சாப்பாட்டு மேசையில் அவர்களுக்கு நடுவில் இருந்து, இந்த நாட்டுக்கு வந்து வெள்ளைக்காரியளோடு வேலை செய்துதான் எங்கட பெண்கள் இப்படிப் பழுதாய்ப் போனார்கள், உவளுக்கு உதெல்லாம் அவங்களிட்டப் பழகினதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மேல்மாடியில் கண்ணைத் துடைத்த பெண் தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

பின்னால் பாயச வாளியோடு வந்த சிவாஜினிக்கு எல்லாம் கேட்டது. அவள் அந்த ஆகாத கையாலேயே அகப்பை நிறைய அள்ளி அவருடைய கிண்ணத்தில் ஊற்றினாள்.

"வடிவாச் சாப்பிடுங்கோ, அத்தான்."

மேசையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கணேசலிங்கம் கரண்டியைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. சிவாஜினி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.