பதினோராவது புட்டி

தொட்டிக்காரரின் கையை ஒடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. நேற்றுவரை அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல். ஆலைக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற அந்த மனிதர் சாக்கடையைக் குழாயில் கலக்க விட்டுவிட்டார் என்று காலையில் எவனோ கொளுத்திப் போட்டான். மத்தியானத்துக்குள் பம்ப் அறைக் கதவு பெயர்ந்து கிடந்தது.

புட்டிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தபோது தொட்டிக்காரர் தரையில் சுருண்டு கிடந்தார். அவருடைய இடது கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பல் இரண்டு சிமெண்டுத் தரையில் சிதறிக் கிடந்தன.

புட்டிக்காரர் என்றதும் வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். அவர் சுகாதார ஆய்வாளர். தண்ணீர், பால், மலம் என்று எதையாவது புட்டியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவதே பிழைப்பு என்பதால் ஆலையில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு வாரமாக டைபாய்டு அந்த ஆலையை உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. அறுபது பேர் படுக்கையில், நாலு பேர் மண்ணுக்குள். நாலாவதாகப் போனது அவருடைய அக்கா மகள். வெளியூரில் படித்து முடித்து, ஆலை அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூன்றாவது வாரக் காய்ச்சலில் குடலில் ஓட்டை விழுந்து, போன வியாழக்கிழமை செத்துப்போனாள்.

"தண்ணியில ஒண்ணும் இல்லப்பா! மூணு தடவை டெஸ்ட் பண்ணியாச்சு. விடுங்க அந்த ஆளை!"

"தண்ணியில இல்லன்னா வேற எதுல இருக்கு? சொல்லுய்யா!"

கேட்டது லாரிக்காரன். அவன் தம்பியும் காய்ச்சலில் கிடந்தான். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, மூக்கில் ஒரு குத்து விட்டான். புட்டிக்காரரின் கண்ணாடி பறந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். எதில் இருக்கிறது என்பது அவன் பிடித்திருந்த அந்தச் சட்டைப் பைக்குள்தான், மடித்த காகிதத்தில் இருந்தது.

அப்போது கூட்டம் விலகி வழிவிட்டது. அக்கா வந்தாள். ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைச் சமையல்காரி. அண்டா கிண்டுகிற இரும்புக் கரண்டி அவள் கையில் இருந்தது. மகள் போனதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த அழுகை மொத்தமும் கரண்டியில் ஏறி, தொட்டிக்காரரின் விலாவில் இறங்கியது. எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே அண்ணேன்னு உன் பின்னாடியே வந்தாளேடா என் பொண்ணு!"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா... சத்தியமா..."

இன்னொரு அடி விழுந்தது.

அக்காவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே காய்ச்சல் வந்து போயிருந்தது. ஆள் தேறிவிட்டாலும் சிலருடைய பித்தப்பையில் கிருமி சுகமாகக் குடியிருந்து, மலம் வழியாகக் கைக்கும் வரும், அவர்களுக்கு ஒரு தலைவலிகூட வராது என்பது புட்டிக்காரருக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் சமையல்கட்டில் இருக்கிற பதினோரு பேரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மலம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. பத்து பேர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். அக்கா மட்டும் சிரித்தாள். "சீ போடா! குளிப்பாட்டி விட்ட தம்பிகிட்ட இதைக் கொண்டுவந்து நீட்டுவேனா?" இவருக்கும் வற்புறுத்தக் கூச்சம். அக்காதானே என்று பதினோராவது புட்டியைத் தானே நிரப்பி அனுப்பினார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. கிருமி இல்லை என்று நாலு தடவையும் எழுதி வந்தது.

கொதிக்கிற அண்டாவில் கிருமி பிழைக்காது. ஆனால் இந்தக் கோடையில் சாப்பாட்டோடு பச்சையாக வெள்ளரிக்காய் வைக்க ஆரம்பித்தார்கள். அதை வெட்ட அக்கா வேறு யாரையும் விடமாட்டாள். என் கை பட்டால்தான் ருசி என்பாள். மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, முதல்முறையாக ஒரு நர்ஸ் அவளிடம் புட்டியைக் கொடுத்து வாங்கினாள். அதன் முடிவுதான் காலையில் வந்த காகிதம்.

"தொட்டியிலயே முக்குங்கடா அவனை!" என்று கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பியது.

நாலு பேர் தொட்டிக்காரரைத் தூக்கி, அறை மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார்கள். லாரிக்காரன் தலையைப் பிடித்து அமுக்கினான். குமிழி வந்தது. ஒரே ஒரு கை மட்டும் தொட்டி விளிம்பைப் பற்றிக்கொண்டு துடித்தது.

"நான்தாம்பா! தப்பு என்னோடது! என்னை அடிங்க!" என்று அலறினார் புட்டிக்காரர். யார் காதிலும் ஏறவில்லை. ஓடிவரும்போதே போலீசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், இன்னும் யாரும் வந்தபாடில்லை. சொன்னால் அக்கா போய்விடுவாள். சொல்லாவிட்டால் இந்த ஆள் போய்விடுவார். அக்கா விளிம்பில் இருந்த அந்தக் கையைப் பார்த்துக் கரண்டியை ஓங்கினாள். அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அக்கா, நாலு தடவையும் உன் பேர்ல போனது என்னோடது. உன்னோடது இப்பதான் போச்சு."

"அதுக்கென்னடா இப்ப?"

காகிதத்தை அவள் கையில் திணித்தார். அக்கா படித்தாள். அவளுடைய பெயரும் அதன் எதிரே கிருமி இருக்கிறது என்ற ஒரே வரியும்தான் இருந்தன. மறுபடி படித்தாள்.

"வெள்ளரிக்காயா?" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"அவளுக்குன்னு தனியா எடுத்து வெப்பேன்டா. தடிமனா வெட்டி."

பிறகு அக்கா கத்திய கத்தல் அந்தச் சுவர்களுக்கே பொறுக்காது. "விடுங்கடா அவரை! நான்தான்டா! நான்தான்!" கரண்டி இப்போது லாரிக்காரனின் முதுகில் மாறி மாறி விழுந்தது. அவன் அலறிக்கொண்டு பிடியை விட்டான்.

தொட்டிக்காரர் மேலே வந்தார். தண்ணீரும் ரத்தமுமாகக் கக்கினார். யார் அடித்தார், யார் காப்பாற்றினார் என்று பார்க்கிற நிலையில் அவர் இல்லை. பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, ஒடியாத கையை நீட்டினார்.

அக்கா குனிந்தாள். பிடிக்கப் போனவள் சட்டென்று நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீ தூக்குடா தம்பி," என்றாள்.