சகலையின் பேய்

என் சகலை ஸ்டீவன் உயிரோடு, குத்துக்கல் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, அவனுடைய பேயை நேருக்கு நேர் பார்த்து, விரட்டியும் அடித்தவன் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பட்டப்பகலில், ஏசி அறையில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஸ்டீவனும்தான் நம்பவில்லை.

சகலை என்றால் என் மனைவி ஹெலனுடைய அக்கா புருஷன். நானும் அவனும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் நிலக்கரி பெல்ட்டில், அவன் கன்ட்ரோல் ரூமில். நான் வீடு திரும்பும்போது பல்லைப் பார்த்துத்தான் ஹெலன் ஆளை அடையாளம் கண்டுபிடிப்பாள். அவனோ காலையில் போட்ட வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் மாலையில் வந்து இறங்குவான். அந்தச் சட்டையைக் கொடியில் போட்டால் எங்கள் மீஞ்சூர்க் காக்கைகள் கண் கூசிப் பொன்னேரிப் பக்கம் குடிபெயர்ந்துவிடும். என் வயிற்றெரிச்சலுக்கு மட்டும் ஒரு கம்பி இழுத்திருந்தால் அத்திப்பட்டில் இன்னொரு யூனிட் ஓட்டியிருக்கலாம்.

ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் ஒன்றுதான் என்று நிம்மதியாக இருந்தேன். அதற்குள் அவனுக்கு இன்னொரு வேலை கிடைத்துவிட்டது.

சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனி, தலையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி செய்கிறது. மாட்டினால் கண் முன்னால் படம் மிதக்கும். மெஷின் ரிப்பேர் செய்கிறவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நட்டைக் கழற்றலாம், மாட்டலாம். படம் சரியாகத் தெரிகிறதா என்று மாட்டிப் பார்த்துச் சொல்ல வயதான கண்களும் வேண்டியிருந்தன. எங்கள் சர்ச் கொயரில் பாடும் பிரின்சி அங்கே இன்ஜினியர். அவள்தான் ஸ்டீவனைக் கூட்டிப் போனாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை! நானும் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

"மாமா கண்ணு கழுகு கண்ணாம். கம்பெனியே சொல்லுதாம்," என்றாள் ஹெலன், எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே. நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

கழுகுப் பட்டம் வந்தது இப்படி. அந்தக் கண்ணாடியில் ஒரு கோளாறு. படத்தின் ஓரத்தில் வெளிறிய உருவம் ஒன்று வளைந்து நிற்கும். வேண்டாத வெளிச்சம் லென்ஸில் மோதித் திரும்பிக் காட்டுகிற போலி உருவம். அதற்கு அவர்கள் பாஷையில் 'கோஸ்ட்' என்று பெயர். யார் மாட்டினாலும் அது தெரிந்தது. ஸ்டீவன் மாட்டினால் மட்டும் தெரியவில்லை.

இதை அவன் ஊருக்காகத் தமிழ்ப்படுத்தினான். "எங்க கம்பெனில ஒரு பேய் கீது. எல்லாரையும் புடிக்குது, என்கிட்ட மட்டும் வாலாட்றதில்ல," என்று ஸ்டேஷன் டீக்கடையில் அளந்தான். நான் அதையே கொஞ்சம் உரத்த குரலில் மற்ற டீக்கடைகளுக்கும் எடுத்துச் சென்றேன், அவ்வளவுதான். கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்துகொண்டிருந்த கான்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். கேன்டீன் அம்மா டீயை வாசலில் வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தாள். கண்களுக்குப் பஞ்சம் வந்து, பிரின்சி என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், பேய்ன்னா பயப்படுவீங்களா?"

"இத்தினி வருசமா உங்க ஸ்டீவன் அங்கிளையே பாத்துக்குனு கீறேன்மா."

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சகலை ஆன நாளிலிருந்து 'பாக்கியம், நீ சொன்னது சரி' என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. விருந்தில் எனக்கு உப்பு அதிகம் என்றால் அவனுக்கு உப்பே இருக்காது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் கண்ணை மூடுவதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன்.

அறையில் ஒரு ஸ்டூல். அதற்குப் பின்னால், பளீரென்ற விளக்குக்கு நேர் கீழே, ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிற இடமாகப் பார்த்து ஒரு சுழல் நாற்காலி. அதில் வெள்ளைச் சட்டையோடு, கால்மேல் கால் போட்டு ஸ்டீவன். தன் முறை முடிந்ததும் அங்கே உட்கார்ந்து மற்றவர்களை மேற்பார்வை பார்ப்பானாம். யாரும் கொடுக்காத உத்தியோகம்.

"இன்னா பாக்கியம், உன் கண்ணுல இன்னும் கரி அடச்சிக்குனு இருக்குமே. இன்னா தெரியப் போவுது?"

"நீங்க சும்மா இருங்க அங்கிள்," என்ற பிரின்சி என் பக்கம் திரும்பினாள். "லென்ஸுக்குக் கோட்டிங் போட்டாச்சு, ஓரத்துக்கெல்லாம் கறுப்பு அடிச்சாச்சு. இருட்டுப் பெட்டியில கேமரா வச்சு பாத்தா சுத்தமா இருக்கு. மனுஷன் மாட்னா மட்டும் வந்துடுது. பாத்துச் சொல்லுங்க."

மாட்டினேன். கண் முன்னால் ஒரு பம்பின் படம். அதன் ஓரத்தில் அந்த வெள்ளை உருவம். மற்றவர்கள் அதில் பேயைப் பார்த்தார்கள். எனக்கோ பார்த்தவுடனே அந்தத் திமிர் அடையாளம் தெரிந்துவிட்டது. உலகத்தில் எங்கே எது கெட்டாலும் அதில் ஸ்டீவன் தெரிகிற கண் என்னுடையது. இந்த முறை அவன் நிஜமாகவே தெரிந்தான்.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. இவன்தான்!"

பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்டீவன் நாற்காலி கிறீச்சிடச் சிரித்தான். "மீஞ்சூர்ல மழ பெய்யலன்னாலும் என்னாலதான்னு சொல்றவம்மா இவன்."

"யோவ், காலை ஆட்டாதய்யா!"

"நான் பின்னாடி காலாட்றது உனுக்கு எப்டிய்யா தெரிஞ்சுது?"

பிரின்சியின் சிரிப்பு நின்றது.

ஸ்டீவனை வெளியே போகச் சொன்னாள். உருவம் போனது. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். உருவமும் வந்து உட்கார்ந்தது. என் தலையிலிருந்து கழற்றித் தானே மாட்டிப் பார்த்தாள்.

"ஐயோ! லைட்டு அங்கிளோட வெள்ளச் சட்ட மேல விழுந்து, காதுப் பக்கத்து இடுக்கு வழியா நுழைஞ்சு, லென்ஸோட உள்பக்கத்துல பட்டு நேரா கண்ணுக்கு வருது. நாங்க வெளிச்சம் முன்னாடிலேர்ந்தே வரும்னு பாத்துக்கினு இருந்தோம்!"

இரண்டு பக்க இடுக்கிலும் கறுப்பு ஸ்பான்ஜை வெட்டிச் செருகினாள். உருவம் தொலைந்தது. "உள்பக்கக் கோட்டிங்கையும் மாத்தணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கழுகுக் கண்ணின் ரகசியமும் வெளிவந்தது. ஸ்டீவன் ஸ்டூலில் உட்காரும்போது அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்டீவன் இல்லை!

ஆனால் ஆள் மசியவில்லை. "ரெண்டு பேரும் பேசி வச்சிக்குனு என்னைக் கலாய்க்கிறீங்க. இவன் கண்ணுல தெரியறது பொறாமம்மா. என் கண்ணுக்குத் தெரியாத பேயி, பேயே இல்ல."

"சட்டையக் கழட்டுய்யா," என்றேன்.

"இன்னாது?"

"கழட்டுங்க அங்கிள்," என்று பிரின்சியும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சட்டைகளை மாற்றிக்கொண்டோம். என் வெளுத்துப்போன பழுப்புச் சட்டையில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையில் நான் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன். பொத்தான்கள் என் வயிற்றின் மேல் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றன. மேலே விளக்கு, முகத்தில் ஏசிக் காற்று. அடடா, கன்ட்ரோல் ரூம் என்றால் இதுதானா! கால்மேல் கால் போட்டேன். இத்தனை வருட எரிச்சல் அந்தக் காற்றில் ஜில்லென்று ஆனது.

பிரின்சி ஸ்பான்ஜை உருவிவிட்டு அவனுக்குக் கண்ணாடியை மாட்டினாள்.

மெதுவாக ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன். ஸ்டீவனின் முதுகு விறைத்தது.

"அங்கிள், இன்னா தெரியுது?"

இரண்டு கைகளையும் ஆட்டினேன். அதுவும் போதாது என்று நாக்கை முழு நீளத்துக்கும் வெளியே நீட்டினேன்.

"யோவ்," என்றான் ஸ்டீவன், திரும்பிப் பார்க்காமலேயே. "நாக்க உள்ள போடு."

"தெரியுதா சகலை?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தான்.

"தெரியுது," என்றான். "பாக்கியம், நீ சொன்னது சரிதான்யா. இத்தினி நாளா இங்க பேயா உக்காந்துக்குனு இருந்தது நான்தான்."