பனியின் அடியில் போன தண்ணீர்

ரூ காய் என்ற பிரெஞ்சுத் தெருவிலுள்ள தமிழ் உணவகம் ஒன்றில் கொத்துரொட்டி போடும் குணரத்தினத்துக்கு பனி நகரும் விஷயம் விளங்கிவிட்டது என்றே நம்பிக்கை. கிறீன்லாந்தில் பனிப்படலத்தை அளக்கும் மகள் லக்சிகாதான் ஜூனில் சொல்லியிருந்தாள். மேலே உருகும் தண்ணீர் பனியிலுள்ள வெடிப்புகள் வழியாக அடிக்கு இறங்குகிறது. அங்கே அழுத்தம் கூடிப் பனியைப் பாறையிலிருந்து சற்றே தூக்குகிறது. பனி வழுக்கிக்கொண்டு வேகமாகக் கடலுக்குப் போகிறது. வெயில் ஏற ஏற வேகமும் ஏறும் என்று சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் அவர் விளக்கினார். மகளின் கூடாரம் அந்தப் பனியின் மேல்தான் நிற்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவள் அழைத்தாள்.

"அப்பா, இஞ்சை சரியான வெயில். தண்ணியும் கூட. ஆனா ஐஸ் மெதுவாகிட்டுது."

"என்னைச் சமாளிக்கிறியோ பிள்ளை?"

"இல்லையப்பா. தண்ணி அடியிலை உருக்கி உருக்கி வாய்க்கால் வெட்டிட்டுது. இப்ப அதுக்குள்ளாலை ஓடிப்போகுது. அழுத்தம் குறைய, ஐஸ் திரும்பப் பாறையிலை குந்திட்டுது."

"அப்ப தண்ணி கூடினா நல்லதோ?"

"ஓரிடத்திலை அப்படி, இன்னோரிடத்திலை வேற மாதிரி. அது வடிவாத் தெரியாமல்தானே நாங்கள் இஞ்சை நிக்கிறம்."

நிம்மதிப்படுவதா பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. படித்தவர்களுக்கே பிடிபடாத ஒன்றின் மேல் பிள்ளை படுத்து எழும்புகிறாள்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த புண்ணியமூர்த்தி நிமிர்ந்தார். "என்னவாம் அண்ணை?"

குணரத்தினம் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"எனக்கு விளங்கேல்லை. செப்டம்பரிலை வருவாள், நீயே கேள்."