சத்தம் இறங்கும் நேரம்

நான்காவது தடவையும் வண்டி குலுங்கி அணைந்தது. அவள் சாவியை விட்டுவிட்டு ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலை ஐந்தரை. ஆறு மணிக்கு பேக்கரியில் ட்ரேக்களை ஏற்ற வேண்டும், ஆறரைக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் ரொட்டி இறங்க வேண்டும். எரிச்சல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயமாவது வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. ஏழு வாரமாக அவளுக்கு எதுவுமே வருவதில்லை. முன்கண்ணாடியில் பனி படிந்திருந்தது. துடைக்க வேண்டும் என்று தோன்றியது, துடைக்கவில்லை.

பிக்கப்புக்குப் பத்தொன்பது வயது. பின்னால் தகரப்பெட்டி கட்டிய வெள்ளை வண்டி. வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. பதினோரு வருடம் அதை ஓட்டியவர் அவள் வீட்டுக்காரர். ஒரு வியாழக்கிழமை கேன்டீன் பின்படியில் ட்ரேயை இறக்கிவைத்து, "ஒரு நிமிஷம்" என்று சொல்லி உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று உறவுக்காரர்கள் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். அவள் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டாள். எட்டாம் நாள் வண்டியைக் கூட்டிப் பெருக்கிக் கழுவினாள், ஒன்பதாம் நாள் எடுத்து ஓட்டினாள். "நல்லா தேறிட்டா" என்று அக்கா போனில் யாரிடமோ சொன்னாள். "கல்லு மாதிரி நிக்கிறாளே" என்றாள் நாத்தனார். அவளைக் கேட்டால், இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள் என்றிருப்பாள்.

ஆறாவது தடவை எப்படியோ வண்டி பிடித்துக்கொண்டது. முதல் சிக்னலில் அணைந்தது, பின்னால் நின்ற பஸ்காரன் ஹார்னிலேயே அவளுடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தான். அடுத்த சிக்னலிலும் அணைந்தது. அப்புறம் என்ஜின் சூடாகி, தான் ஒரு பாவமும் அறியாதது மாதிரி ஓட ஆரம்பித்தது.

பேக்கரிக்காரர் கெட்ட மனுஷர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. "இந்த வாரத்துல இது மூணாவது நாளும்மா. கேன்டீன்ல நோயாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. திங்கக்கிழமையும் இப்படியே ஆச்சுன்னா ரூட்டை வேற வண்டிக்கு மாத்தறதத் தவிர எனக்கு வழியில்லம்மா." அவள் தலையாட்டினாள். ரூட் போனால் வீட்டில் அடுப்பு எரிவது பெரிய கேள்வி, மகளின் பத்தாம் வகுப்பு அதைவிடப் பெரிய கேள்வி. எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சில் ஒரு துடிப்புக்கூட இல்லை, ட்ரேக்களின் சூடு மட்டும் கையில் இருந்தது.

மெக்கானிக்கை ஊரே நிதானம் என்றுதான் கூப்பிடும். ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதனிடம் அனுமதி கேட்பார் என்று கிண்டல் செய்வார்கள். ரொட்டியெல்லாம் இறக்கிவிட்டு, பதினொரு மணிக்கு அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக அவள் வண்டியை அவர் ஷெட்டில் நிறுத்தினாள். அவர் பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்துக் கேட்டார். என்ஜின் சுற்றைக் காட்டும் முள் எண்ணூறில் அசையாமல் நின்றது.

"இதுல என்ன குறைன்னு சொல்றீங்க தங்கச்சி? தேன் மாதிரி ஓடுது."

"காலையில அணைஞ்சு போகுதுண்ணே. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அப்புறம் ஒண்ணும் இல்ல."

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா? மூணு நாளா சூடான வண்டியையே கொண்டாந்து காட்டறீங்க. குளுந்து கெடக்கறப்போ பாத்தாத்தான தெரியும்." அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை சாயங்காலம் இங்க விட்டுட்டுப் போங்க. நானும் தொட மாட்டேன். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் வாங்க, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

வெயிலில் நடந்து வந்தபோது, தன்னையும் எல்லோரும் பதினொரு மணிக்குத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. விடியலில் கண் விழித்ததும் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிஷத்தை அக்காவும் பார்த்ததில்லை, நாத்தனாரும் பார்த்ததில்லை. அந்த நினைப்பும் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

வீட்டுக்காரர் இருந்தவரை காலைக்கு ஒரு சத்தம் இருந்தது. ஐந்தரைக்கு வண்டியைக் கிளப்பிவிட்டு உள்ளே வருவார். வாசலில் என்ஜின் உயர்ந்த குரலில் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றபடியே காப்பி குடிப்பார், சட்டைப் பையில் ரொட்டிக் கணக்குச் சீட்டைத் தேடுவார், வெளியே போவார். கொஞ்ச நேரத்தில் சத்தம் சட்டென்று இறங்கும். அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள், "பாத்துப் போயிட்டு வாங்க" என்பாள். அது காதில் விழுந்த பிறகுதான் வண்டி பின்னால் நகரும். அந்த வியாழக்கிழமை மகளின் அடையாள அட்டையைக் காணவில்லை. வீடே தலைகீழாகக் கிடந்தது, அவள் கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். சத்தம் இறங்கியது கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக வண்டி நின்றதும் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லியதில்லை. சொன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஷெட் திறந்திருந்தது. நிதானம் மப்ளர் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். அவள் சாவியைத் திருப்பினாள், வண்டி பிடித்தது, குலுங்கியது, அணைந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "இப்பத்தான் வழிக்கு வர்றான்!" என்றார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு என்ஜினுக்குள் குனிந்தவர், கால் மணி நேரம் கழித்து ஒரு சின்ன உலோகத் துண்டைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதுக்குள்ள மெழுகு இருக்கு. என்ஜின் குளுந்திருந்தா மெழுகு சுருங்கி ஒரு வழி தெறந்திருக்கும். அதுல கொஞ்சம் கூடுதலா காத்து போகும், வண்டி ஆயிரத்தி ஐநூறுல ஓடும். தண்ணி சூடாக ஆக மெழுகு இளகி வழிய மூடும், நின்னபடி ஓடற வேகம் எண்ணூறுக்கு இறங்கும். குளுந்த என்ஜின் எண்ணூறுல நிக்காது தங்கச்சி. இது மூடுனபடியே எறுகிப் போயிருக்கு. இன்னிக்கு நேத்து இல்ல, நாலஞ்சு வருஷம் ஆயிருக்கும்."

"அவர் இருக்கறப்போ அணைஞ்சதே இல்லியே."

அவர் ஓட்டுநர் பக்கம் போய்க் கீழே டார்ச் அடித்தார். ஆக்சிலரேட்டர் ரப்பரின் ஓரத்தில் ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. சீட்டின் இரும்புச் சட்டத்தில் பெயின்ட் போய் ஓர் இடம் மட்டும் பளபளத்தது.

"ஆக்சிலரேட்டர அமுக்கி ஏதோ கட்டையால முட்டுக் குடுத்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாரா பாருங்க, கள்ளன்! தெனமும் கட்டைய வெச்சுட்டு எறங்கிப் போயிருக்காரு, சூடானதும் வந்து எடுத்திருக்காரு."

கழுவிய அன்றைக்கு சீட்டுக்கடியில் கிடைத்த அந்தக் கட்டை அவளுக்கு நினைவு வந்தது. துடைப்பக் கம்பில் அறுத்த முழ நீளத் துண்டு. ஒரு முனையில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது, மறுமுனையில் கத்தியால் செதுக்கிய வெட்டு. என்ன கருமமோ என்று எடுத்துப்போய், கொக்கி உடைந்த அடுப்படி ஜன்னலுக்கு முட்டாக வைத்துவிட்டாள். வண்டி அணைய ஆரம்பித்தது அதற்கு மறுநாளிலிருந்துதான்.

"அப்ப... சத்தம் இறங்கறது?"

"எது?"

"காலையில கத்திக்கிட்டே இருக்கும், அப்புறம் சட்டுனு இறங்கும். வண்டி தானா இறங்குதுன்னு நெனச்சேன்."

"கட்டைய எடுத்தாத்தான் இறங்கும். தானா எப்படி இறங்கும்?"

அவள் அந்த ரப்பர் பள்ளத்தைப் பார்த்தாள். விரலை வைத்தாள். சத்தத்தை இறக்கியது அவர் கை. இறக்கிவிட்டு, அடுப்படிப் பக்கம் காதை வைத்துக் காத்திருந்திருக்கிறார்.

"அந்தக் கட்ட இருந்தா அதையே வெச்சு ஓட்டலாம்" என்றார் நிதானம். "ஆனா மறந்து கியர் போட்டீங்கன்னா வண்டி பாஞ்சிடும். பழைய வண்டி ஒண்ணு பின்னால கெடக்கு, அதுல இந்த வால்வு நல்லா இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"வால்வு போடுங்க" என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஐந்து இருபத்தைந்துக்குச் சாவியைத் திருப்பினாள். ஒரே தடவையில் பிடித்தது. முள் ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறி அங்கேயே நின்றது, அந்தப் பழைய குரல் வாசல் முழுக்கக் கேட்டது. "கூடவே உக்காந்திருக்க வேணாம்" என்று நிதானம் சொல்லியிருந்தார். "ஹேண்ட் பிரேக் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு உள்ள போய் காப்பி குடிங்க. அதுவா இறங்கும். இறங்கினதும் எடுங்க."

அவள் உள்ளே போனாள். பாலைச் சூடாக்கினாள், டிகாஷனை ஊற்றினாள், வாசலுக்கு முதுகு காட்டி அடுப்பின் முன்னால் நின்று குடித்தாள். மேசையில் மகள் புத்தகத்தைத் திறந்துவைத்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். வெளியே சத்தம் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. முன்பு மாதிரி சட்டென்று இல்லை. அவளுக்கு அது உறைக்கவில்லை.

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கேட்டதும் காப்பி டம்ளரை மேடையில் வைத்தாள். நெஞ்சுக்குள் எங்கோ இறுகிக் கிடந்த ஒன்று விட்டுக்கொடுத்தது. வலித்தது. ஏழு வாரத்தில் முதல் தடவையாக நன்றாக, நிஜமாக வலித்தது. வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு நின்றாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள். யாரிடம் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. வாசலில் வண்டி, கதவு திறந்து, சீட்டில் யாரும் இல்லாமல், எண்ணூறில் ஓடிக்கொண்டிருந்தது.

மணி ஐந்து முப்பத்தைந்து. ரொட்டி காத்திருக்காது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஏறினாள். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. கையாலேயே துடைத்தாள். ரிவர்ஸ் போட்டாள். போட்டுவிட்டு நகராமல் இருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

அடுப்படி ஜன்னல் கதவு அசைந்தது. முட்டுக் கொடுத்திருந்த கட்டைக்குப் பக்கத்தில், அதைப் பிடித்தபடி, மகளின் கை தெரிந்தது.

"பாத்துப் போயிட்டு வாம்மா."